புஷ்பராணியின் ஐந்து வாறன்கள்

செயற்கை நுண்ணறிவு வந்து வேலையைப் பறித்துவிடுமோ என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த காலத்தில், அதை இன்னும் காணோமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் புஷ்பராணி. முழுவதையும் பறிக்க வேண்டாம். ஆகஸ்டில் ஒரு பத்து நாளைக்குப் பறித்தால் போதும். மிச்சத்தைத் தானே வைத்துக்கொள்வார்.

வயது ஐம்பத்தேழு. கனடாவின் மொன்றியல் நகரில், செயின்ட்-மிஷேல் பகுதியில், வாகன ரயர் விற்கும் ஒரு கடைக்கு மேலே, ஏறும்போது பதின்மூன்று படியும் இறங்கும்போது பதின்மூன்று முழங்கால் வலியும் உள்ள ஓர் அறையில் அவர் வேலை பார்க்கிறார். கணேசலிங்கம் என்பவரின் ட்ரக் கொம்பனி அது. கப்பலில் வந்து மொன்றியல் துறைமுகத்தில் இறங்கும் கொன்ரெயினர்ப் பெட்டிகளை எடுத்துப்போய்ப் பண்டகசாலைகளில் சேர்ப்பார்கள். எந்த ட்ரக் எந்தப் பெட்டியை எப்போது எடுப்பது, எங்கே இறக்குவது, அது இப்போது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதையெல்லாம் ஒன்பது சாரதிகளிடம் தமிழில் கேட்டறிந்து, காத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பிரெஞ்சில் சொல்வது புஷ்பராணியின் பொறுப்பு. பத்தொன்பது வருடமாகக் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அந்த ஃபோன் அவருடைய இடது காதில் இருக்கிறது. அந்தக் காதில் தோடு போடுவதை அவர் நிறுத்தி வெகுகாலம்.

லீவே எடுக்காதவர் என்று சொல்ல முடியாது. வருடந்தோறும் எடுத்தார், ஃபோனையும் கூடவே எடுத்துக்கொண்டு. மகளின் கலியாணம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் அவர் மண்டப வாசலில் நின்று ஒரு குளிர்ப்பெட்டி இறாலை லாவாலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வீடியோவில் கெட்டிமேளம் கேட்கிறது. அதற்கு மேலே, சாரதி ஒருவருக்கு அவர் கத்திய "ரெண்டாம் கதவு, கஜீவன், ரெண்டாம் கதவு!" என்பதும் தெளிவாகக் கேட்கிறது. கணவர் குணரத்தினம் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். இந்தியாவுக்கு மூன்று தடவை கோயில் பார்க்கப் போய்வந்தார், தனியாக. மூன்று தடவையும் மனைவிக்கும் சேர்த்தே கும்பிட்டதாகச் சொன்னார்.

இதையெல்லாம் புஷ்பராணி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமற் போனது ஒரு திமிங்கிலத்தைத்தான்.

கொரோனாக் காலத்து வசந்தத்தில் ஒரு திமிங்கிலம் கடலைவிட்டு ஆற்றில் ஏறி, வழிதவறி, மொன்றியல் பாலத்தடிவரை வந்து துள்ளியது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த நகரம் ஓடிப்போய்ப் பார்த்தது. பழைய துறைமுகம் புஷ்பராணியின் அலுவலகத்திலிருந்து இருபது நிமிடம். சாரதிகள் பாலத்தால் போகும்போது பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக அவருக்கே ஃபோன் எடுத்து வர்ணித்தார்கள். அந்த ஃபோன்களை எடுக்க வேண்டியிருந்ததால் அவர் போகவில்லை. பத்துப் பதினொரு நாளில் அது இறந்து மிதந்தது.

"அது அவ்வளவு தூரம் வந்துது. நான் இருவது நிமிசம் போகேல்லை," என்று அன்றைக்குச் சொன்னார். "இனி நான்தான் போகோணும்."

போக ஐந்து வருடம் எடுத்தது. ஆறு விரிந்து கடலாகத் தொடங்கும் தடூசாக் என்ற ஊருக்குக் கோடையில் திமிங்கிலங்கள் தவறாமல் வருகின்றன. இந்த வருடம் மாசியிலேயே அங்கே ஒரு விடுதி அறையைப் பதிந்துவிட்டு, பிறகுதான் கணவருக்கு அறிவித்தார்.

"திமிங்கிலம் பாக்க என்னத்துக்குப் பத்து நாள்? ஒரு நாள் போதாதோ?" என்றார் குணரத்தினம்.

"ஒரு நாள் திமிங்கிலம் பாக்க. மற்ற ஒன்பது நாளும் ஃபோன் பாக்காமல் இருக்க."

ஆனால் ஃபோனை யாரிடம் கொடுப்பது? முந்தைய வருடம் புஷ்பராணி பல் பிடுங்கப் போன ஒரு காலைப்பொழுது கணேசலிங்கம் தானே அதைக் கையில் எடுத்தார். மூன்று மணித்தியாலத்தில் ஒரே பெட்டியை எடுக்க இரண்டு ட்ரக் போயிருந்தன. போக வேண்டிய பெட்டிக்கு ஒருவரும் போகவில்லை. புஷ்பராணி வாயில் பஞ்சோடு திரும்பிவந்து, கை அசைவிலேயே எல்லாவற்றையும் சரிசெய்தார்.

அப்போதுதான் ஆர்த்திகா ஒரு யோசனையோடு வந்தாள். கணேசலிங்கத்தின் மகள், இருபத்தைந்து வயது, வணிகம் படித்துவிட்டு அப்பாவின் கொம்பனியிலேயே சேர்ந்தவள். தமிழைப் பிரெஞ்சு ராகத்தில் பேசுவாள். அவள் சொன்னது இதுதான்: ஃபோனை இயந்திரம் எடுக்கும். சாரதி தமிழில் சொல்வதைக் கேட்டுக் கணினித் திரையில் உள்ள வேலைப் பலகையில் பதியும். வாடிக்கையாளருக்குத் தானாகவே பிரெஞ்சில் செய்தி அனுப்பும்.

கணேசலிங்கத்தின் முகம் கறுத்தது. "உது ராணி அக்காவின்ர இடத்தைப் பிடிக்கிற வேலை. அந்தப் பாவத்துக்கு நான் வரமாட்டன்."

"பிடிக்கட்டும், தம்பி," என்றார் புஷ்பராணி. "நாலாம் திகதியிலயிருந்து பதின்மூண்டாம் திகதி வரைக்கும் பிடிக்கட்டும்."

"அக்கா, நாளைக்கு உங்களுக்கு வேலை இல்லாமற் போனா?"

"எனக்கு இப்ப இருக்கிற பிரச்சினை வேலை இருக்கிறது."

முதலாளி வேலையைக் காப்பாற்றப் போராட, வேலையாள் அதை விட்டுக்கொடுக்கச் சண்டை பிடித்த கூட்டம் அந்தக் கட்டடத்தில் அதுவே முதல். வேலையாள் வென்றார்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு, ட்ரக்கில் இடங்காட்டிக் கருவி ஒன்றைப் பூட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆர்த்திகாவும் கேட்டாள். ட்ரக்குகள் சாரதிகளின் சொந்தம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டவர்கள் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னை எங்கையெண்டு பாக்க நான் என்ன கொன்ரெயினரே?" என்று கஜீவன் கேட்டார். கஜீவன் சாரதிகளுக்குள் மூத்தவர், வாய் நீளமானவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜூன் தொடக்கத்தில் இயந்திரம் வேலையை ஏற்றது. அதன் தமிழ் பாடப்புத்தகத் தமிழ். "வணக்கம். தங்கள் தற்போதைய இருப்பிடத்தைத் தெரிவிக்கவும்," என்றது. கஜீவன் பயந்து ஃபோனை வைத்துவிட்டு, புஷ்பராணியின் சொந்த இலக்கத்துக்கு எடுத்தார். "அக்கா, லைனுக்குள்ள ஆரோ செய்தி வாசிக்கிறா!" வேறொரு சாரதி கேட்டதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்று பதில் சொன்னார். இயந்திரம் நன்றாக யோசித்து, சாரதி தற்சமயம் பிரார்த்தனையில் இருப்பதாக வாடிக்கையாளருக்கு அறிவித்தது. வாடிக்கையாளர் மரியாதையாகக் காத்திருந்தார்.

இவை சில்லறைப் பிழைகள். பெரிய பிழை இரண்டாவது செவ்வாய்க்கிழமை நடந்தது.

ஆற்றின் அக்கரையில், லொங்குய் என்ற ஊரில், அலுமாரி, மேசை முதலிய தளபாடம் இறக்குமதி செய்யும் பெரிய பண்டகசாலை ஒன்று இருக்கிறது. கொம்பனியின் பாதி வேலை அங்கேதான். அங்கே பொருள் ஏற்கும் பகுதிக்குப் பொறுப்பானவர் மதாம் லவ்வா. அவரும் புஷ்பராணியும் பத்தொன்பது வருடமாகத் தினமும் கதைப்பவர்கள், ஒரு நாளும் சந்திக்காதவர்கள். அந்தச் செவ்வாய் காலை ஐந்து சாரதிகள் இயந்திரத்துக்கு ஃபோன் எடுத்து அன்றைய வேலையைக் கேட்டார்கள். அது சொன்னது. சாரதிகள் ஒவ்வொருவரும் ஃபோனை வைக்கும்போது சொன்னது ஒரே வசனம்: "சரி, அப்ப வாறன்."

விடைபெறும்போது 'போறன்' என்று சொல்லாத சனம் நாங்கள். கோபித்துக்கொண்டு போகும்போதுகூட, கதவை அடித்துச் சாத்துவதற்கு முன் 'வாறன்' என்று சொல்லிவிட்டே போவோம். இது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஐந்து பேர் வருகிறோம் என்கிறார்கள். ஐந்து ட்ரக் வருகிறது என்று லொங்குய்க்கு எழுதிவிட்டது. அந்த நேரம் ஐந்து பேரும் ஆற்றுக்கு இந்தக் கரையில், துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், வெறும் ட்ரக்கோடு.

ஒன்பதரைக்கு மதாம் லவ்வா புஷ்பராணியை அழைத்தார்.

"மதாம் ரானீ, ஐந்து ட்ரக் வருகிறது என்று எழுதினீர்கள். ஐந்து கதவையும் திறந்துவைத்தேன். பத்துப் பேரை நிறுத்தினேன். கதவால் என்ன வந்தது தெரியுமா? காற்று."

கணேசலிங்கம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "அக்கா, இது சரிவராது. மதாமின்ர வேலை போனா நாலு ட்ரக் சும்மா நிக்கும். நாளையிலயிருந்து நீங்களே எடுங்கோ ஃபோனை. திமிங்கிலம் அடுத்த வருசமும் இருக்கும்தானே?"

"அது இருக்கும், தம்பி. என்ர முழங்கால் இருக்குமோ?"

ஆர்த்திகா தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை சாரதிகளை ரயர்க் கடை முற்றத்தில் கூட்டினாள். "அண்ணாமார், ரொம்ப சிம்பிள். துறைமுகத்துக்கு வெளிக்கிட்டா 'போறன்' எண்டு சொல்லுங்கோ. கஸ்ரமரிட்ட வந்தா 'வாறன்' எண்டு சொல்லுங்கோ. கடைசியில 'பை'. தக்கோர்? சரியோ?"

சாரதிகள் கஜீவனை முன்னால் தள்ளினார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஸ்ரியறிங்கில கை வைக்கேக்க 'போறன்' எண்டு சொல்லச் சொல்லுறியள். எங்கை போறது? மேலயோ?"

"அது மூடநம்பிக்கை, அண்ணா."

"ஓம். மூடநம்பிக்கைதான். பதினேழு வருசமா ஒரு கீறல் இல்லாத மூடநம்பிக்கை."

சாரதிகளில் ஒருவரும் கோயில் பக்கம் அதிகம் போகிறவர் இல்லை. கஜீவனோ, கடவுள் இல்லை என்று கலியாண வீடுகளில் வாதாடுபவர். ஆனாலும் அந்தச் சொல்லை வாயால் விட ஒருவரும் தயாரில்லை. கூட்டம் கலைந்தது. போகும்போது எல்லோரும் ஆர்த்திகாவிடம், "சரி தங்கச்சி, வாறம்," என்றார்கள்.

அன்று மாலை புஷ்பராணி அவளிடம் கேட்டார். "பிள்ளை, உந்த மெசினுக்கு நான் தமிழில எழுதிக் குடுத்தா விளங்குமோ?"

"விளங்கும் அன்ரி. புதுசா வேலைக்கு வந்த ஆளுக்குச் சொல்லுற மாதிரி எழுதினாச் சரி."

புதிதாக வேலைக்கு ஒருவரும் வந்ததில்லை. ஆகவே தனக்குத் தெரிந்ததை யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை புஷ்பராணிக்கு வந்ததேயில்லை. அவருடைய அறிவை எழுதித் தரும்படி பத்தொன்பது வருடத்தில் முதன்முதலாகக் கேட்டது ஓர் இயந்திரம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் ஒரு கொப்பியோடும் பேனையோடும் இருந்தார். குணரத்தினம் தேத்தண்ணி போட்டுக்கொடுத்து, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முதல் வரி இலக்கண நூல் போலத் தொடங்கியது.

'வாறன் ஐந்து வகைப்படும். கதை முடியும்போது "சரி, வாறன்" என்றால் ஃபோனை வைக்கிறார். அதற்கும் ட்ரக்குக்கும் சம்பந்தமில்லை. "இந்தா வாறன்" என்றால் இன்னும் கோப்பிக் கடையில் இருக்கிறார். "வந்துகொண்டிருக்கிறன்" என்றால் இப்போதுதான் ட்ரக்கில் ஏறுகிறார். "வந்திட்டன்" என்றால் வரவில்லை, பாலத்தில் நிற்கிறார். "வந்து நிக்கிறன்" என்றால் மட்டும் வந்துவிட்டார். அப்போதும் எந்தக் கதவு என்று கேள்.'

நிகழ்காலத்தில் சொன்னவர் புறப்படவில்லை, இறந்தகாலத்தில் சொன்னவர் வந்துசேரவில்லை. இப்படி ஓர் இலக்கணத்தை வைத்துக்கொண்டு ஒரு கொம்பனி நேரத்துக்குப் பெட்டி இறக்கி வந்தது எப்படி என்று ஆர்த்திகா வியந்தாள். அதற்கு விடை அடுத்த பக்கங்களில் இருந்தது. சாரதி ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். 'கஜீவனின் வந்திட்டன் பதினெட்டு நிமிடம், வெள்ளிக்கிழமை இருபத்தைந்து. கஜீவன் கதை சொல்லத் தொடங்கினால் பெட்டி இலக்கத்தைக் கேள், கதை நிற்கும். டிலக்ஷன் எல்லாவற்றையும் குறைத்தே சொல்வார். அவர் கொஞ்சம் லேற் என்றால் நிறைய லேற். பேந்து, அதாவது பிறகு, எடுக்கிறன் என்று யார் சொன்னாலும் எடுக்கமாட்டார், நீயே எடு. ஓம் என்றால் ஆம். ஓம் ஓம் என்றால் கேட்கவில்லை, திரும்பச் சொல்.'

பதினோராவது பக்கத்தின் அடியில், கோடிட்டு: 'யாராவது "போறன்" என்று சொன்னால் நீ ஒன்றும் கதைக்காதே. உடனே மனிசரிடம் குடு.'

"இது ஏன் அன்ரி? அதைத்தான் ஒருத்தரும் சொல்லமாட்டினமே?"

"அதாலதான்."

ஆர்த்திகா பதினொரு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் உள்ளே கொடுத்தாள். பாடப்புத்தகத் தமிழையும் மாற்றச் சொன்னாள். அடுத்த நாள் காலை கஜீவன் ஃபோன் எடுத்தபோது, "சொல்லுங்கோ அண்ணை, எங்கை நிக்கிறியள்?" என்று கேட்டது. கஜீவன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, அடித்த இலக்கத்தைத் திரும்பப் பார்த்தாராம். அன்றிலிருந்து சாரதிகள் அதற்கு வைத்த பெயர் சின்னராணி.

மதாம் லவ்வா மட்டும் மசியவில்லை. அவருக்கு இயந்திரம் வேண்டாம், மதாம் ரானீ வேண்டும். ஆகவே புஷ்பராணி அவருக்கு ஃபோன் எடுத்து, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ட்ரக்கைப் பற்றி அல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னார். கெபெக்குக்கு வந்து முப்பத்துநான்கு வருடமாகியும் திமிங்கிலம் பார்த்ததில்லை, பார்க்க ஆசை என்றார்.

மதாமுக்கு நம்ப முடியவில்லை. "முப்பத்துநான்கு வருடம் கெபெக்கில் இருந்துகொண்டு ஒரு திமிங்கிலம் பார்த்ததில்லையா? எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சலித்துப்போய்த் திரும்புகிறார்களே!" பிறகு மதாமின் குரல் வேலைக் குரலாக மாறியது. "ஒரு வாரம் தருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை. நீங்கள் ஃபோனைத் தொடக் கூடாது. ஒரு கதவுக்குக் காற்று வந்தாலும் நீங்கள் ஆகஸ்டில் என்னோடுதான்."

அந்த வாரம் ஜூலை நடுவில் வந்தது. புஷ்பராணி வழக்கமான கதிரையில், ஃபோன் இல்லாமல், மடியில் ஒரு மிக்சர் பையோடு உட்கார்ந்தார். சின்னராணி பேசுவதை ஒலிபெருக்கியில் கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. திங்களும் செவ்வாயும் நான்கு பை மிக்சர் முடிந்தது. சாரதிகள் சொன்ன ஒவ்வொரு வாறனுக்கும் அவர் விரலால் அதன் வகை எண்ணைக் காட்டுவார்: ஒன்று, மூன்று, இரண்டு. பலகையிலும் அதுவே விழும்.

புதன்கிழமை கஜீவன் எடுத்தார். "நான் வந்திட்டன்!"

"சந்தோசம் அண்ணை. பாலத்தில சனம் கனக்கவோ?"

"ஓம், சரியான சனம்…" கஜீவன் நிறுத்தினார். "ராணி அக்கா, நீங்களே கதைக்கிறியள்?"

"இல்லை அண்ணை. மதாமுக்குப் பதினெட்டு நிமிசம் எண்டு சொல்லியிருக்கிறன். சரிதானே?"

"என்னைப் பொய்யன் எண்டு சொல்லுறியோ?"

"இல்லை அண்ணை. பதினெட்டு நிமிசம் எண்டு சொல்லுறன்."

பதினேழாவது நிமிடத்தில் அவர் நாலாம் கதவில் நின்றார். ஒரு நிமிடம் முந்தி வந்து இயந்திரத்தைப் பொய்யாக்கிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அவரை நேரத்துக்கு வரச்செய்ய அதைவிட நல்ல வழி ஒருவருக்கும் தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை. கணேசலிங்கமும் படியேறி வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வெயில் முப்பத்துநாலு பாகை. டிலக்ஷன் என்ற சாரதி காலை ஆறு மணியிலிருந்து துறைமுகத்தில் நிற்கிறார். அவருக்கு நாற்பது வயது. ஒரு நாளில் பத்து வசனத்துக்கு மேல் பேசாதவர். கப்பல் முகவர் ஒருவர் பெட்டிப் பத்திரத்தில் ஒரு இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டதால், மூன்று தடவை வரிசையின் முன்னால் போய் மூன்று தடவையும் பின்னுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவருடைய பெட்டிக்கு லொங்குய்யில் இரண்டாம் கதவு, பதினொன்றரை மணி.

பத்தே காலுக்கு அவருடைய குரல் ஒலிபெருக்கியில் வந்தது. சத்தம் போடவில்லை.

"சரி. நான் போறன்."

சின்னராணி பேச்சை நிறுத்தியது. "டிலக்ஷன் அண்ணை, ஒருக்கா நில்லுங்கோ. கதைக்க ஆளைக் கூப்பிடுறன்."

கணேசலிங்கத்தின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துத் திரையில் விழுந்ததை வாசித்தார். "டிலக்ஷன் 'போறன்' எண்டு சொன்னவராம். அதிலென்ன? போகட்டுமே, லொங்குய்க்குத்தானே?"

புஷ்பராணி இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மதாம் ஃபோனைத் தொடக் கூடாது என்றுதான் சொன்னார். முதலாளியை அதட்டக் கூடாது என்று சொல்லவில்லை.

"தம்பி, பதினொரு வருசமா அந்தப் பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எடும். கதையும்."

கணேசலிங்கம் கதைத்தார். சரியாகச் சொன்னால், கேட்டார். ட்ரக்கை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பதென்று டிலக்ஷன் முடிவெடுத்திருந்தார். இந்த வேலையே இனி வேண்டாம். நாலேகால் மணித்தியாலம் வெயிலில் நாய் மாதிரி. தண்ணி முடிந்துபோச்சு. பதினொரு வருடத்தில் முதலாளி தனக்கு ஒரு தரம்கூட ஃபோன் எடுத்ததில்லை, அது தெரியுமோ? கணேசலிங்கத்துக்கு அது தெரியாது. ஃபோன் எடுப்பது ராணி அக்காவின் வேலை என்றே அவர் அத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

"டிலக்ஷன், பிழை எங்கட பக்கம். நில்லும். திருத்தின பேப்பரோட நானே வாறன்."

மறுமுனையில் ட்ரக்குகளின் இரைச்சலுக்கு மேலாக டிலக்ஷனின் குரல் வந்தது: "எந்த வாறன் அண்ணை? 'இந்தா வாறனோ', இல்லை மெய்யாவோ?"

புஷ்பராணிக்கு மிக்சர் புரையேறியது. கணேசலிங்கம் பதில் சொல்லாமல் பதின்மூன்று படியையும் ஆறாக்கிக்கொண்டு இறங்கி ஓடினார். முகவரின் அலுவலகத்தில் பேப்பரைத் திருத்தி, மூன்று போத்தல் தண்ணியோடும் கொத்துரொட்டிப் பொதி ஒன்றோடும் துறைமுக வாசலில் போய் நின்றபோது பதினொரு மணி. அங்கிருந்து அவரே சின்னராணிக்கு ஃபோன் எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெளிவாகச் சொன்னார்: "வந்து நிக்கிறன்."

"எந்தக் கதவு அண்ணை?" என்றது அது.

இதற்கிடையில் இரண்டாம் கதவை அது மறக்கவில்லை. டிலக்ஷனின் பெட்டி மத்தியானம் தாண்டும் என்று மதாமுக்கு எழுதியது. கஜீவனின் பெட்டி மூன்று மணிக்கு இருந்தது. அதைப் பதினொன்றரைக்கு எடுக்க முடியுமா என்று கேட்டது. மதாம் முடியும் என்றார். கஜீவனிடம் கேட்டபோது அவர் 'வந்திட்டன்' என்றார். வெள்ளிக்கிழமைக் கணக்கை அதற்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பதினொன்று முப்பத்திரண்டுக்கு இரண்டாம் கதவால் பன்னிரண்டு அலுமாரிகள் இறங்கத் தொடங்கின. இரண்டே முக்காலுக்கு டிலக்ஷன் வந்து, கஜீவனுக்கு ஒதுக்கியிருந்த மூன்று மணிக் கதவில் நின்றார், கொத்துரொட்டி வாசத்தோடு.

நாலு பத்துக்குப் பலகையில் லொங்குய்யிலிருந்து ஒரு செய்தி விழுந்தது. 'ஐந்து நாள். காற்று வரவில்லை. மதாம் ரானீ, திமிங்கிலங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.'

ஆர்த்திகா கத்தினாள். கீழே ரயர்க் கடைக்காரர் மேலே ஓடிவந்து, என்ன உடைந்தது என்று கேட்டார். புஷ்பராணி மேசை லாச்சியைத் திறந்து, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து தோடு ஒன்றை எடுத்தார். இடது காதின் துளை தூர்ந்துபோயிருந்தது. ஆர்த்திகாவும் ரயர்க் கடைக்காரரும் ஆளுக்கொரு யோசனை சொல்ல, பத்து நிமிடப் போராட்டத்தில் அதை உள்ளே ஏற்றினார்.

ஆகஸ்ட் நாலாம் திகதி காலை காரில் ஏறுவதற்கு முன், கொம்பனி இலக்கத்துக்கு எல்லோரையும் போல அவரும் ஒரு ஃபோன் எடுத்தார்.

"நான் போட்டு வாறன்."

"ஓம் அக்கா. சந்தோசமாப் போட்டு வாங்கோ," என்றது சின்னராணி.

ஆர்த்திகா அந்த நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் விழுந்த வரி: 'ராணி அக்கா. முதலாம் வகை. பதினாலாம் திகதி வந்து நிற்பார்.' அவருக்கென்று ஒரு பக்கம் ஒருவரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

தடூசாக்கில் முதல் இரண்டு நாளும் மூடுபனி. ஃபோன் விடுதி அறையின் பெட்டிக்குள், துவாய்க்கடியில் கிடந்தது. இரண்டு நாளும் அது அடிப்பதாகவே அவருக்குக் கேட்டது. அணைத்துவைத்த ஃபோன் அடிக்காது என்று குணரத்தினம் விளக்கினார். மூன்றாம் நாள் வானம் வெளித்தது. படகில் ஏறினார்கள். குணரத்தினம் ஏறிய கணத்திலிருந்து கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை மனைவி இருவருக்கும் சேர்த்துப் பார்க்கட்டும் என்றார்.

பத்தரை மணிக்கு அது வந்தது. முதலில் ஒரு மூச்சு, ட்ரக்கின் காற்றுப் பிரேக் விடும் சத்தம் போல. புஷ்பராணி தன்னையறியாமல் எழுந்து நின்றார். பிறகு கறுப்பு முதுகு, நீண்டு, நீண்டு, இன்னும் முடியாமல், நாற்பதடிக் கொன்ரெயினர் ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து தானாகவே புரள்வது போல. கடைசியில் வால் முழுவதும் மேலே எழுந்து, நீர் சொட்ட ஒரு கணம் நின்று, ஆழத்துக்குள் போனது. படகில் எல்லோரும் கைதட்டினார்கள். புஷ்பராணி கைதட்டவில்லை. இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

வால் காட்டினால் ஆழமாகப் போகிறது என்று அர்த்தம் என்றார் வழிகாட்டி. திரும்பி வர ஐந்து நிமிடமும் ஆகலாம், இருபது நிமிடமும் ஆகலாம், யாராலும் சொல்ல முடியாது.

யாராலும் சொல்ல முடியாது என்ற வசனத்தைப் புஷ்பராணி பத்தொன்பது வருடமாக ஏற்றுக்கொண்டதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது நிமிசம்," என்றார் கணவரிடம்.

ஒன்பது போனது. பத்து, பதினொன்று. குணரத்தினம் ஒரு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்து, திரும்ப மூடிக்கொண்டார். பதினாலாவது நிமிடத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், படகுக்கு மிக அருகில் அந்த மூச்சு கேட்டது. மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் தெறிக்கப் புஷ்பராணி திரும்பினார். முழு உருவமும் அவருக்கு நேரே மிதந்தது, அசையாமல், கதவில் கொண்டுவந்து நிறுத்தினாற்போல.

"அஞ்சு நிமிசம் பிழைச்சுப் போச்சே," என்றார் குணரத்தினம், கண்ணைத் திறக்காமலே.

"அது 'இந்தா வாறன்' எண்டு போயிருக்கு," என்றார் புஷ்பராணி, கண்ணாடியைத் துடைக்காமலே. "நான் அதை 'வந்துகொண்டிருக்கிறன்' எண்டு விளங்கிப்போட்டன். பரவாயில்லை. இப்ப வந்து நிக்குது. கண்ணைத் திறவுங்கோ."